மறுப்புச் சொல்லாத இசைக்குழு

1772-ஆம் ஆண்டு, ஹங்கேரியின் எஸ்டர்ஹாசா அரண்மனையில் இருந்தபோது ஹைடன் தன் 45-ஆவது சிம்பொனியை எஃப் ஷார்ப் மைனர் ஸ்கேலில் எழுதினார். அன்று சிம்பொனி எழுதுகிறவர்கள் தொடத் தயங்கிய ஸ்கேல் அது. அக்காலத்து ஹார்னுக்கு வால்வு கிடையாது. ஸ்கேல் மாறினால் ஒரு வளைகுழாயைக் கழற்றி வேறு நீளமுள்ள ஒன்றை மாட்ட வேண்டும். எஃப் ஷார்ப்புக்குப் பொருந்தும் குழாய் அரண்மனையில் இல்லாததால், இரண்டு ஹார்ன்களுக்கும் அரைச்சுரம் இறக்கும் குழாய்களைப் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். அதற்குக் கொடுத்த பணத்தின் கணக்கு எஸ்டர்ஹாசி குடும்ப ஆவணங்களில் இருக்கிறது. ஒரு ஸ்கேலில் ஆசை வைத்ததற்காக ஓர் இசையமைப்பாளர் உலோகப் பட்டறைவரை போக வேண்டியிருந்த காலம் அது.

அதே சிம்பொனியை இன்று கணினியில், நிஜ வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிந்த சாம்பிள் லைப்ரரி வைத்து ஒலிக்கச் செய்கிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹார்ன் எல்லா ஸ்கேலிலும் வாசிக்கும். அதற்கு உதடு களைக்காது, மூச்சு முட்டாது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பி ஒரே ஃப்ரேஸை நாற்பது தடவை வாசிக்கச் சொன்னாலும் முகம் சுளிக்காது. இதை வரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பாதி வரம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் கலை வளர்ந்ததே வாத்தியக்காரர்கள் ‘இது வராது’ என்று சொன்ன இடங்களில்தான். 1844-இல் வந்த பெர்லியோஸின் நூலையும், ரிம்ஸ்கி-கோர்சகோவ் இறந்தபின் 1913-இல் வெளியான நூலையும் புரட்டிப் பாருங்கள். எந்த வாத்தியத்தில் எது முடியும், எது முடியாது, எது முடிந்தாலும் நன்றாக இராது என்பதே அவற்றின் பெரும்பகுதி. மறுப்பே சொல்லாத ஓர் இசைக்குழு மேசைமேல் வந்து உட்கார்ந்த பிறகு, அந்த அறிவுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில், சாம்பிள் லைப்ரரி என்ற பொருளைச் செய்வதற்கே எவ்வளவு உழைப்பு போகிறது என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கட்டையை அழுத்த வயலின் கேட்கிறது, அவ்வளவுதான். உள்ளே நடப்பது வேறு. வயலின் குழுவுக்கு மூன்றரை ஆக்டேவ் வீச்சு என்று வைத்தால் சுமார் 42 சுரங்கள். ஒன்றுவிட்டு ஒன்று பதிந்தாலும் 21. வெட்டி வாசிக்கும் ஸ்டக்காட்டோவை மட்டும் எடுத்துக்கொள்வோம். மெல்லிசாக, நடுத்தரமாக, உரக்க, மிக உரக்க என்று நான்கு அளவு. ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும் என்பதால் ஒவ்வோர் அளவுக்கும் நான்கு தடவை. ஆக 336 பதிவுகள், அதுவும் ஒரே ஒரு வாசிப்பு முறைக்கு. சுரங்களை ஒட்டி வாசிக்கும் லெகாட்டோ என்று வந்தால் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போகும் பாதையையே பதிய வேண்டும். ஒவ்வொரு சுரத்திலிருந்தும் மேலும் கீழும் ஒரு ஆக்டேவ் தூரம்வரை எல்லா இடைவெளிகளையும் எடுத்தால் சுமார் 850 பாதைகள் வரும். இரண்டு ஒலி அளவுகளில் எடுத்தால் சுமார் 1,700. இவற்றை வாசிக்கிற வயலின்காரர்கள் நாற்காலி கிரீச்சிடாமல், ஆடை சரசரக்காமல், நாள்முழுக்க ஒற்றை ஒற்றைச் சுரமாக வாசிக்கிறார்கள். பிறகு அத்தனையையும் வெட்டி, சுருதி பார்த்து, பெயரிட்டு அடுக்க ஒரு குழு மாதக்கணக்கில் உட்கார்கிறது.

இந்த நிலைக்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது. 1940களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹாரி சேம்பர்லின், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு ஓடுகிற கீபோர்டைச் செய்தார். அதன் வழியில் 1963-இல் பர்மிங்ஹாமில் மெல்லோட்ரான் பிறந்தது. ஒரு கட்டையை எட்டு விநாடிக்குமேல் அழுத்திப் பிடித்தால் டேப் தீர்ந்து ஒலி நின்றுவிடும். 1979-இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் ஃபேர்லைட் கணினியைக் கொண்டுவந்தார்கள். அதோடு வந்த ஒலிகளில் ஒன்றன் பெயர் ஆர்க்-5. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ பாலேயிலிருந்து எடுத்த ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ரா அடி, அவ்வளவுதான். 1982-இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’கில் ஏறி, அந்தப் பத்தாண்டு முழுக்க ஆயிரம் பாடல்களில் அது இடித்தது. இசை ஆய்வாளர் ராபர்ட் ஃபிங்க் 2005-இல் இந்த ஒற்றை ஒலிக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுண்டு. கையருகே தயாராக இருந்த ஓர் ஒலி, ஒரு தலைமுறையின் ரசனையையே தன் பக்கம் வளைத்துக்கொண்டது. யாரும் அதைத் தேடிப் போகவில்லை. பெட்டியோடு வந்தது, பயன்படுத்தினார்கள்.

முழு ஆர்கெஸ்ட்ராவையும் முறையாகப் பதியும் முயற்சிகளில் முன்னோடி, வெதர் ரிப்போர்ட் ஜாஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மிரோஸ்லாவ் விட்டோஸ். பிராகின் டுவர்ஷாக் அரங்கில் செக் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்களை வைத்துப் பதிந்து, 1990களில் சில ஆயிரம் டாலர் விலைக்கு விற்றார். 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் மென்பொருள், பதிவுகளை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றாமல் ஹார்டு டிஸ்கிலிருந்தே நேராக ஓடவிட்டது. அதோடு இட நெருக்கடி தீர்ந்தது. பிறகு வியன்னாவில் ஹெர்ப் டுக்மாண்டல் வந்தார். அவர் செலோ வாசிப்பவர். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் மாற்றுக் கலைஞராக உட்கார்ந்தவர். சாம்பிள்களில் செலோ ஏன் செலோவாகக் கேட்கவில்லை என்பது அந்த வாத்தியம் தெரிந்த காதுக்குத்தான் புரியும். இரண்டு சுரங்களுக்கு நடுவே வில் நிற்காமல் விரல் நகரும் அந்தக் கணம் பழைய லைப்ரரிகளில் இல்லை. அவர் தொடங்கிய வியன்னா சிம்பொனிக் லைப்ரரி, நகருக்குத் தெற்கே எப்ரைக்ஸ்டார்ஃபில் எதிரொலி குறைந்த ஒரு பதிவுக்கூடத்தைக் கட்டி, அந்தக் கணங்களையெல்லாம் பதிந்தது. மேலே சொன்ன 850 பாதைகளின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, நமக்கு வசதியாக வந்து சேருவது வேறொருவரின் கைவினை. லைப்ரரி செய்தவரும் அதில் வாசித்தவரும் பட்ட பாடு ஒரு கட்டைக்குள் அடங்கி நம் கைக்கு வருகிறது. ‘சாம்பிள் என்றாலே சோம்பேறித்தனம்’ என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாததற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம், அதை நன்றாகப் பயன்படுத்துவதற்கே தனித் தேர்ச்சி வேண்டும் என்பது. நான்கு பார் நீளமுள்ள ஒரு செலோ ஃப்ரேஸை எடுத்துக்கொண்டு அதைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

கீபோர்டில் வாசித்துப் பதிந்ததும் கேட்டால் எல்லாச் சுரமும் சரியாக இருக்கும், ஆனால் தாளத்துக்குப் பின்னால் இழுக்கும். காரணம், லெகாட்டோ பாதை ஒலித்து முடிந்த பிறகுதான் போய்ச்சேர வேண்டிய சுரம் வரும். அதற்குச் சில லைப்ரரிகளில் கால் விநாடிக்குமேல்கூட ஆகிறது. ஆகவே ஒவ்வொரு சுரத்தையும் திரையில் பிடித்துக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவு இழுத்தால் போதாது. அழுத்தி வாசித்த சுரம் சீக்கிரம் வந்துசேரும், மெல்லத் தொட்டது தாமதமாகும். அடுத்து, கீபோர்டின் ஓரத்தில் விரலால் உருட்டும் மாட்யுலேஷன் வீல். வாசிப்பை எண்களாகக் கணினிக்குச் சொல்லும் மிடியில் இதன் அளவு 0 முதல் 127 வரை. இதை ஏற்ற ஏற்ற மென்மையான பதிவு மறைந்து உரத்த பதிவு மேலெழும். ஒரு நீண்ட சுரத்தில் இது அசையாமல் கிடந்தால் செத்த ஒலி. எல்லாச் சுரத்திலும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் ஆர்மோனியத் துருத்தி. ஃப்ரேஸின் உச்சி எங்கே என்று முடிவு செய்து, அதற்கு முன்னால் இரண்டு பார் தூரத்திலிருந்தே ஏறத் தொடங்க வேண்டும். பிறகு வில். நிஜ செலோவில் வில்லுக்கு நீளம் உண்டு. முடிந்தால் திரும்பியாக வேண்டும். சாம்பிளில் வில் முடியவே முடியாது. எங்கே திருப்புவது என்று நாமே தீர்மானித்து, அந்த இடத்தில் இரண்டு சுரங்களையும் ஒட்டாமல் விட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கேட்டால், வைப்ராட்டோ ஒவ்வொரு சுரத்திலும் ஒரே நொடியில் தொடங்குவது காதில் உறுத்தும். அதைத் தணிக்க இன்னொரு கன்ட்ரோலர்.

நான்கு பாருக்கு ஒரு மணி நேரம் போவது சாதாரணம். இந்த ஒரு மணி நேரத்தில் எடுக்கிற முடிவுகளைத்தான் ஒரு செலோக்காரர் யோசிக்காமலேயே கையில் எடுக்கிறார். புரோகிராமிங் செய்கிறவர் அந்த நேரத்துக்கு வாத்தியக்காரராகிறார். இதைக் கைவினை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

சிக்கல் இந்த இடத்தில் இல்லை. இந்த உழைப்பைத் தவிர்ப்பதற்கென்றே வந்த பேட்ச்களில், அதாவது கட்டையை அழுத்தியதும் ஒலிக்கும்படி தயாராக வரும் ஒலித் தொகுப்புகளில், இருக்கிறது. 2008-இல் டச்சு நிறுவனமான புராஜெக்ட் சாம் ‘சிம்ஃபோபியா’வை வெளியிட்டது. 2011-இல் லண்டனின் ஸ்பிட்ஃபயர் ஆடியோ ‘ஆல்பியன்’ கொண்டுவந்தது. இரண்டும் நல்ல பதிவுகள். ஆல்பியன், ஜார்ஜ் மார்ட்டின் தொடங்கிய ஏர் ஸ்டுடியோஸின் லிண்ட்ஹர்ஸ்ட் அரங்கில், அதாவது ஒரு பழைய தேவாலயக் கட்டடத்துக்குள் பதிந்தது. அந்த அரங்கின் எதிரொலி ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தே வரும். இவற்றின் அடிப்படை யோசனை, வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் குழுவாகவே கொடுப்பது. ஒரு கட்டையை அழுத்தினால் முழு ஸ்ட்ரிங்ஸும் எழும். இடது கையில் கான்ட்ராபாஸ், வலது கையில் வயலின், நடுவே தானாக செலோவும் வயோலாவும். நாளை காலை எபிசோடு ஒளிபரப்பாக வேண்டிய தொலைக்காட்சி இசையமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆனால் அந்தக் கட்டைக்குள் என்னென்ன முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த வாத்தியம் எதோடு இரட்டிக்கிறது, எது மேலே கேட்கிறது, எது அடியில் நிற்கிறது, எல்லோரும் எவ்வளவு தூரத்தில் அமர்ந்திருக்கிறார்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இன்னொன்று பலருக்குக் கண்ணிலேயே படுவதில்லை. 16 பேர் வாசித்த வயலின் பேட்ச்சில் மூன்று சுரம் கொண்ட கார்டை அழுத்தினால், 48 வயலின்கள் கேட்கின்றன. நிஜத்தில் அந்த 16 பேரே மூன்றாகப் பிரிவார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஐந்தாறு பேர். கார்ட் வந்ததும் ஒலி மெலிந்து ஒளி புகும். திரும்ப ஒரே சுரத்தில் சேரும்போது அடர்ந்து வரும். இந்தச் சுருங்கலும் விரிதலும் ஸ்ட்ரிங்ஸ் எழுத்தின் உயிர். பேட்ச்சில் அது தலைகீழாகிறது. சுரம் கூடக் கூடக் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. பத்து விரலும் படிந்தால் 160 பேர். பெரிதாகக் கேட்பதால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எழுதுகிறவர் கீபோர்டில் கை பழகிய கார்டுகளையே அமுக்கிக்கொண்டு போவார். நான்கு குரல்கள் தனித்தனி வழியில் நடக்க வேண்டிய இடத்தில், ஒரு கை மொத்தமாகக் கட்டைமேல் நகர்ந்துகொண்டிருக்கும்.

லைப்ரரி எதில் தேறுகிறதோ அந்தப் பக்கம் இசையும் சாயத் தொடங்கும். குட்டைச் சுரங்களைப் பதிவது சுலபம். அதனால் வில்லைத் துள்ளவிட்டு வாசிக்கும் ஸ்பிக்காட்டோ ஓட்டங்கள் சாம்பிளில் மிகவும் நம்பும்படி கேட்கின்றன. நீண்டு நிற்கும் மென்மையான ஸ்ட்ரிங்ஸும், முழுப் பலத்தில் ஊதும் பிராஸும் அப்படியே. சறுக்கி ஏறும் போர்ட்டமென்டோ, வேகமான லெகாட்டோ ஓட்டம், மென்மையிலிருந்து முழங்குவதுவரை ஒரே மூச்சில் நிறம் மாறும் தனி ஹார்ன், தனி வயலின் ஆகியவை தடுமாறுகின்றன. தனி வயலினில் ஏன் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. மெல்லிய பதிவிலிருந்து உரத்த பதிவுக்கு மாறும்போது நடுவே இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். 16 பேர் கூட்டத்தில் அது தெரியாது; ஒற்றை வயலினில் இரண்டு பேர் வாசிப்பது அப்பட்டமாகக் கேட்கும். இப்போது கடந்த இருபது ஆண்டுகளின் சினிமா டிரெய்லர்களையும் அதிரடிக் காட்சிகளின் பின்னணி இசையையும் நினைத்துப் பாருங்கள். கீழே இடைவிடாத ஸ்பிக்காட்டோ ஓட்டம், மேலே நீண்ட பிராஸ், நடுவே மெலடி என்று சொல்ல ஒன்றுமில்லை. இதற்குப் படத்தொகுப்பு, ஒலிக்கலவை, இயக்குநர் விருப்பம் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. என்றாலும் மெலடி ஒதுங்கிப்போனதில் லைப்ரரியின் கையும் உண்டு என்றே நான் நினைக்கிறேன். எழுதும்போதே எது நன்றாகக் கேட்கிறதோ அதை நோக்கித்தான் யாருடைய கையும் போகும்.

பேலன்ஸ் இன்னும் நுணுக்கமானது. புல்லாங்குழலின் அடி ஆக்டேவ், மூன்று டிராம்போன் முன்னால் கேட்கவே கேட்காது. கணினியில் ஃபேடரை ஏற்றினால் கேட்கும். ஏற்றிய பிறகு கிடைப்பது, உலகில் எந்த அரங்கிலும் இல்லாத ஒரு புல்லாங்குழல். ராவல் 1928-இல் எழுதிய ‘பொலேரோ’வில் பேலன்ஸையே இசையாக்கிய ஓர் இடம் வருகிறது. ஹார்ன் மெலடியை வாசிக்க, செலஸ்டாவும் இரண்டு பிக்கோலோக்களும் அதே மெலடியை வேறு வேறு உயரத்தில் தொடர்கின்றன. ஒரு பிக்கோலோ ஜி-யில், இன்னொன்று ஈ-யில். தாளில் பார்த்தால் மூன்று ஸ்கேல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகிற விபரீதம். ஆனால் அவை ஹார்னின் இயற்கையான அனுசுரங்கள் இருக்கும் இடத்திலேயே போய் உட்காருகின்றன. பிக்கோலோக்கள் போதிய அளவு தாழ்ந்து வாசித்தால், தனித்தனியாகக் கேட்பதை விட்டு ஆர்கன் போல ஒரே புது வாத்தியமாகக் குழையும். ஒரு பிக்கோலோ கொஞ்சம் உரத்துவிட்டால் குழைவு உடையும். அதை அரங்கில் வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள்.

சாம்பிளில் யாரும் யாரையும் கேட்பதில்லை. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய குறையாகப் படுகிறது. நம் அந்தர காந்தாரத்தைத் தம்புராவோடு பாடுகிறவருக்கு இது உடனே புரியும். ஷட்ஜத்தோடு இழைகிற காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்வு. சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. நல்ல ஸ்ட்ரிங் குவார்டெட் ஒரு மேஜர் கார்டில் வந்து நிற்கும்போது, காந்தாரம் வாசிப்பவரின் விரல் தானாகக் கீழே இறங்கும். லைப்ரரியில் ஒவ்வொரு சுரமும் தனியாக, மற்றச் சுரங்கள் எங்கே இருக்கப் போகின்றன என்று தெரியாமல் பதிவானது. அதனால்தான் அத்தனை அழகான பதிவுகளைச் சேர்த்தும் சில கார்டுகள் கண்ணாடி போல மினுங்குகின்றனவே தவிர, இழையவில்லை. 2019-இல் ஸ்பிட்ஃபயர், பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை மைடா வேல் ஸ்டுடியோவில், ஒவ்வொருவரையும் அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார வைத்துப் பதிந்தது. இடம் நிஜமாகிவிட்டது. ஒருவரையொருவர் கேட்பதை எப்படிப் பதிவது என்பதற்கு அதிலும் விடை இல்லை.

வசதியால் வேலை இழந்தவர்களைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1982-இல் பிரிட்டனின் மியூசிஷியன்ஸ் யூனியனின் மத்திய லண்டன் கிளை சிந்தசைசர்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 2003 மார்ச்சில் நியூயார்க் பிராட்வே நாடக அரங்குகளின் இசைக்கலைஞர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரங்குக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற விதியைத் தயாரிப்பாளர்கள் தளர்த்தப் பார்த்ததுதான் காரணம். கலைஞர்கள் வெளியேறினால் கணினி ஆர்கெஸ்ட்ராவை வைத்து நடத்துவோம் என்று தயாரிப்பாளர்கள் தயாராக இருந்தார்கள். முடிவில் பெரிய அரங்குகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை 24–26-லிருந்து 18–19-ஆக இறங்கியது. மும்பை சினிமா ஆர்கெஸ்ட்ராக்கள் 1990களில் கலைந்துபோன கதையை கிரெகரி பூத் தன் 2008-ஆம் ஆண்டு நூலில் கலைஞர்களின் வாய்மொழியிலேயே பதிவு செய்திருக்கிறார்.

கோடம்பாக்கத்திலும் அதே கதைதான். ஸ்டுடியோவில் இருக்கை நிறைந்து வயலின்கள் உட்கார்ந்த நாட்கள் போய், ‘புரோகிராமர்’ என்ற புதிய தொழில் வந்தது. இளையராஜா செஷனுக்கு முன் நொட்டேஷனைத் தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஊரறிந்தது. கேட்டுப் பார்க்கக் கீபோர்டில் மாக்கப், அதாவது கணினியில் செய்த மாதிரிப் பதிவு, கிடையாது. மனத்தில் கேட்டது தாளுக்கு வந்து, தாளிலிருந்து வாத்தியக்காரரிடம் போகும். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனிக்குப் பின்னால் இருப்பதும் அந்தப் பழக்கம்தான். ஏ.ஆர். ரகுமானின் பாதை வேறு. ‘ரோஜா’விலிருந்தே ஸ்டுடியோவை ஒரு வாத்தியமாக நடத்தியவர் அவர். அவரே 2008-இல் கே.எம். இசைப் பள்ளியைத் தொடங்கி, சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வழியாக வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செலோவும் கற்றுக்கொடுக்கிறார். கணினி ஒலியின் எல்லையை அவரைவிடக் கிட்டத்தில் பார்த்தவர்கள் நம்மிடையே குறைவு. அவர் போய்ச் சேர்ந்த இடம் மனிதர்களுக்கு வில் பிடிக்கக் கற்றுத்தருவதாக இருப்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபக்கத்தையும் முழுமனத்தோடு சொல்ல வேண்டும். ஹைடன் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கிரீசிங்கரிடம், எஸ்டர்ஹாசி குடும்பத்திடம் இருந்தபோது தனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் எழுதியதை உடனே வாசிக்கச் செய்து, எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்று பார்க்க முடிந்ததுதான் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாக்கியம் இரண்டு நூற்றாண்டு காலம் மிகச் சிலருக்கே வாய்த்தது. இசைக் கல்லூரியில் ஆர்கெஸ்ட்ரேஷன் படித்தும் தான் எழுதியதை ஒருமுறைகூடக் கேட்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். ஆர்கெஸ்ட்ரா என்று ஒன்று இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை, பிபிசி லைப்ரரியின் இலவசப் பதிப்பை இறக்கிக்கொண்டு, ஓபோவும் வயோலாவும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று இன்று இரவே கேட்டுவிடலாம். இதைக் குறைத்துப் பேசுகிற உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் ஹைடனிடம் இருந்தது ஒலி மட்டும் அன்று. ஒத்திகை முடிந்ததும் ஹார்ன்காரர் வந்து, ‘ஐயா, இந்த இடத்தில் மூச்செடுக்க நேரமே இல்லை’ என்று சொல்லியிருப்பார். அந்த இரண்டாவது பாதியை லைப்ரரியோடு வாழ்கிறவர் வேறு வழியில் சம்பாதிக்க வேண்டும்.

அந்த வழிகளில் எனக்கு நம்பிக்கை தருவது, வசதியைக் குறைத்துக்கொண்ட கருவிகள். இத்தாலியின் சாம்பிள் மாடலிங் நிறுவனம் 2000களின் கடைசியில் ஒரு டிரம்பெட் கொண்டுவந்தது. பதிவுகளை ஒன்றோடொன்று இழையும்படி சீராக்கி, வாசிப்பவரின் அசைவுக்கு ஏற்ப உடனுக்குடன் வடிவெடுக்கச் செய்தார்கள். கட்டையை மட்டும் அமுக்கினால் அது பொம்மை டிரம்பெட். ஊதும் கன்ட்ரோலரை வாயில் வைத்து, மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கொடுத்து, வாரக்கணக்கில் பழகினால்தான் வாத்தியமாகும். நீண்ட ஃப்ரேஸின் நடுவில் ஊதுகிறவருக்கே மூச்சு தீரும். அப்போது எழுதியதைத் திருத்துவார். டிரம்பெட் மறுத்த இடத்திலேயே கன்ட்ரோலரும் மறுக்கிறது. இத்தகைய கருவிகளை அதிகம் பேர் வாங்குவதில்லை. அழுத்தினால் ஆகாயம் திறக்கும் பேட்ச்களுக்கே கூட்டம். அது சந்தையின் இயல்பு. தனியாக எழுதுகிறவர் அந்த வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு வழி செலவே இல்லாதது: பேட்ச்சைத் திறக்கும் முன் வரியை முடித்துவிடுவது. ஜான் வில்லியம்ஸ் இன்றும் பியானோ முன் பென்சிலோடு உட்கார்ந்து எழுதுகிறார். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதில்லை. நான்கு குரல்களையும் வெறும் பியானோ ஒலியில், நான்கு தனி டிராக்குகளாக எழுதி முடித்து, பிறகு லைப்ரரியைத் திறந்தாலே பாதி ஆபத்து விலகுகிறது. பியானோவில் மொட்டையாக நிற்கும் வரியை, தேவாலய எதிரொலியோடு 48 வயலின் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை அப்போது எழாது. அவசர வேலைக்குக் குழு பேட்ச்சை எடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் யோசிப்பதற்கு அதை எடுக்காதீர்கள் என்றுதான் என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்குச் சொல்வேன்.

வரியை முதலில் முடிக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பது மாக்கப் நிஜ ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகிற அன்று தெரியும். இப்போது சென்னையிலிருந்து பலர் புடாபெஸ்டிலோ வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேவிலோ உள்ள ஆர்கெஸ்ட்ராவை இணையம் வழியாகப் பதிகிறார்கள். கட்டணம் நேரக் கணக்கு, ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது. அதற்கு முன் மிடி கோப்பு ஆர்கெஸ்ட்ரேட்டர் கைக்கு வரும். அதை அப்படியே நொட்டேஷனாக மாற்றினால் தாள் முழுக்கக் குப்பை. லெகாட்டோ தாமதத்துக்காக முன்னால் இழுத்த ஒவ்வொரு சுரமும், தாளத்தில் இல்லாத ஒரு முப்பத்திரண்டாம் பாகமாகவும் அதற்கொரு ஓய்வுக் குறியாகவும் அச்சாகும். ஒன்றோடொன்று ஒட்ட வைத்த சுரங்கள் இரட்டைச் சுரங்களாக நிற்கும். ஆர்கெஸ்ட்ரேட்டர் முதல் வேலையாக அத்தனையையும் தாளத்துக்கு இழுத்து நேராக்குவார். பிறகு கேட்கத் தொடங்குவார். இந்தக் கார்டை முதல் வயலின்கள் மூன்றாகப் பிரிந்து வாசிக்கட்டுமா, வயோலாவுக்கு ஒன்று கொடுக்கட்டுமா? நாலாவது ஹார்ன் 22 பார் நிறுத்தாமல் ஊதுகிறதே, எங்கே மூச்சு? ஹார்ப்பில் ஏழு பெடல்தான். இந்த அரைச்சுர ஓட்டத்துக்கு அதை யார் மிதிப்பது? மாட்யுலேஷன் வீலில் மணிக்கணக்காக வரைந்த வளைவுகள் ஒரு கிரெசென்டோ குறியாகச் சுருங்கும். புரோகிராமரின் வாசிப்பு முழுவதும் அழிந்து, சுரமும் நீளமும் இரண்டு மூன்று குறிப்புகளும் மட்டும் தாளில் எஞ்சும். மறுநாள் அந்த வரியை நாற்பது பேர் முதல்முறையாகப் பார்த்து வாசிப்பார்கள்.